அமுக்கரா: கிழங்கா, சூரணமா, கப்சூலா?

போன மாசியில், வெள்ளாமை வெட்டு முடிந்த கையோடு மச்சான் வீட்டுக்கு வந்தார். என் மனைவியின் தமையன். வெல்லாவெளிப் பக்கம் வயல் செய்கிறார். பட்டிருப்புப் பாலம் கடந்து களுவாஞ்சிகுடிக்கு வந்தால் ஒரு சட்டித் தயிர் இல்லாமல் வரமாட்டார். அன்றைக்குத் தயிரோடு ஒரு கறுப்புப் பையும் இருந்தது. மனைவி தேத்தண்ணி போடக் குசினிக்குள் போகும்வரை காத்திருந்துவிட்டு, பையை அவிழ்த்து மூன்று சாமானை மேசையில் வைத்தார்.

ஒன்று, நாட்டு மருந்துக் கடையில் நிறுத்து வாங்கிய அமுக்கராக் கிழங்கு, பழைய பேப்பரில் சுற்றியது. மற்றது ஒரு போத்தல் அமுக்கராச் சூரணம். மூன்றாவது, கட்டாரில் வேலை செய்யும் மகன் அனுப்பிய கப்சூல் போத்தல். அதில் அஸ்வகந்தா என்று கொட்டை எழுத்தில் இருந்தது.

"மூணும் ஒரே சாமான்தானே மச்சான்? இதில எதைக் குடிக்க?"

நான் 22 வருடமாகப் பாமசியில் நிற்கிறவன். இந்தக் கேள்வி எனக்குப் புதிதில்லை. கேட்க வருகிறவர்கள் பெரும்பாலும் நாற்பதைத் தாண்டிய ஆண்கள். கடையில் சனம் குறையும்வரை வெளியே நின்றுவிட்டு, இருமல் மருந்து கேட்பதுபோல் தொடங்கி, கடைசியில் குரலைத் தாழ்த்தி இதற்கு வருவார்கள். காத்தான்குடி நானாமார் என்றாலும் சரி, கல்முனை மாஸ்டர்மார் என்றாலும் சரி, வெட்கம் ஒன்றுதான். அந்த வெட்கத்தால்தான் பலர் யாரிடமும் கேட்காமல் எதையாவது வாங்கி விழுங்குகிறார்கள். மச்சானுக்குச் சொன்னதைக் கொஞ்சம் விரித்து இங்கே எழுதுகிறேன்.

மூன்றும் ஒரே செடியிலிருந்து வந்தவைதான். அதில் சந்தேகமில்லை. அமுக்கரா கத்தரிக் குடும்பத்துச் செடி. இந்தியாவில் மத்தியப் பிரதேசம், ராஜஸ்தான் பக்கத்து வறண்ட நிலங்களில் பயிரிடுகிறார்கள். சிங்களத்திலும் பெயர் அமுக்கராதான். அதனால் கொழும்பில் இருந்து வரும் பைக்கற்றையும் நம் ஆட்கள் எளிதாக அடையாளம் கண்டுகொள்கிறார்கள். அஸ்வகந்தா என்றால் குதிரை வாசம். நல்ல கிழங்கை முறித்து மூக்கருகில் பிடித்தால் பெயரின் காரணம் விளங்கும். வெளியே மங்கலான மண்ணிறம், உள்ளே வெள்ளை, முறிக்கும்போது 'டக்' என்ற சத்தம், விரலில் மாவுப் பொடி. மச்சான் கொண்டுவந்ததில் இரண்டு துண்டு வளைந்ததே தவிர முறியவில்லை. ஈரம் ஏறியிருந்தது.

எதைக் குடிப்பது என்று பார்ப்பதற்கு முன்னால், எதற்காகக் குடிக்கப்போகிறார் என்று கேட்டேன்.

"களைப்பு. ராவையில நித்திரை இல்லை." கொஞ்ச நேரம் முற்றத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். "மற்றப் பிரச்சினையும் இருக்குது."

இவை மூன்று வேறு வேறு விஷயங்கள், அமுக்கராவும் மூன்றுக்கும் ஒரே அளவில் உதவாது. மனப்பதற்றம், நித்திரைக் குறைவு இரண்டுக்கும் ஓரளவு பலன் தருகிறது என்று பல சிறிய ஆய்வுகள் சொல்கின்றன. இதை நான் ஏற்றுக்கொள்கிறேன். பாலோடு குடித்த சிலர் நன்றாகத் தூங்கியதாக என்னிடமே சொல்லியிருக்கிறார்கள். உடற்பலம் பற்றி 2015இல் வந்த ஓர் ஆய்வில் 18 முதல் 50 வயதுவரையான 57 ஆண்கள் பங்கெடுத்தார்கள். எடை தூக்கும் பயிற்சியோடு 8 வாரம் வேர்ச்சாறு எடுத்தவர்களுக்குத் தசையும் வலுவும் மற்றவர்களைவிடக் கூடியிருந்தன. எல்லோரும் பயிற்சி செய்தவர்கள் என்பதை மறக்கக் கூடாது. பிள்ளைப்பாக்கியத்துக்காக விந்தணு குறைந்த 46 ஆண்களை வைத்துச் செய்த 2013ஆம் ஆண்டு ஆய்வில், 90 நாளில் எண்ணிக்கை நன்றாகக் கூடியது. ஒரு விந்தணு உருவாகி முதிர இரண்டரை மாதம் அளவில் தேவை. ஆகவே இதற்காகக் குடிப்பவர் இரண்டு கிழமையில் பலன் தேடுவதில் பிரயோசனம் இல்லை. 46 பேர் என்பதும் சிறிய தொகைதான். இவ்வளவை வைத்து யாருக்கும் வாக்குறுதி கொடுக்க முடியாது.

'மற்றப் பிரச்சினை'க்கு வருவோம். விளம்பரங்கள் எல்லாம் இதை நம்பித்தான் ஓடுகின்றன. ஆண் ஹோமோனான டெஸ்டோஸ்டெரோன் கூடும் என்பார்கள். கூடுவதற்குச் சான்று உண்டு. 40 முதல் 70 வயதுவரையான, உடற்பருமன் கூடிய, களைப்புள்ள ஆண்களை வைத்துச் செய்த ஆய்வு ஒன்று 2019இல் வெளியானது. அமுக்கராச் சாறு எடுத்த காலத்தில் அவர்களின் டெஸ்டோஸ்டெரோன் மருந்தில்லாத வெற்றுக் குளிசை எடுத்த காலத்தைவிட ஏறத்தாழ 15 வீதம் கூடுதலாக இருந்தது. ஆனால் களைப்பிலோ, உற்சாகத்திலோ, தாம்பத்திய வாழ்விலோ இரண்டு காலத்துக்கும் சொல்லத்தக்க வித்தியாசம் காணவில்லை. இரத்தப் பரிசோதனைத் தாளில் இலக்கம் கூடியது, ஆள் அப்படியேதான் இருந்தார். இந்த ஆய்வின் முதல் பாதியை விளம்பரக்காரர் சொல்வார்கள், மற்றப் பாதியைச் சொல்லமாட்டார்கள்.

அதைவிட முக்கியமான ஒன்றை மச்சானிடம் நேராகவே சொன்னேன். விறைப்புக் குறைவு பல ஆண்களுக்குச் சீனி வருத்தத்தின் அல்லது இருதய வருத்தத்தின் முன்னறிவிப்பு. அந்த உறுப்பின் இரத்தக் குழாய் 1 அல்லது 2 மில்லிமீற்றர்தான். இருதயக் குழாய் 3 அல்லது 4 மில்லிமீற்றர். கொழுப்புப் படிந்து குழாய் ஒடுங்கும்போது சிறியதுதான் முதலில் காட்டிக்கொடுக்கும். நெஞ்சு நோவு வருவதற்கு இரண்டு மூன்று வருடம் முன்பே இது தெரியலாம். மச்சானுக்கு 49 வயது. மூன்று வருடமாக ஒரு டெஸ்டும் செய்யவில்லை. தாய்க்குச் சீனி. அப்படியான ஒருவர் அமுக்கராவைத் தொடங்கிவிட்டு ஆறு மாதம் காத்திருந்தால், கிழங்கு ஒரு தீங்கும் செய்யாவிட்டாலும் அந்த ஆறு மாதம் போய்விடும்.

ஆகவே மேசையில் இருந்த மூன்றுக்கும் முன்னால் நான்காவதாக ஒன்றை வைத்தேன். வெறும் வயிற்றுச் சீனி, மூன்று மாதச் சீனி, கொழுப்பு, தைரொயிட், ஈரல், பிரஷர். அரச ஆஸ்பத்திரியில் காசில்லாமல் பார்க்கலாம். தனியாரிடம் செய்தாலும் அந்தக் கப்சூல் போத்தல் ஒன்றிரண்டின் விலைக்குள் பெரும்பகுதி முடிந்துவிடும்.

சரி, டெஸ்ட் எல்லாம் சுத்தமாக வந்துவிட்டது, இன்னும் அமுக்கரா வேண்டும் என்கிறார் ஒருவர் என்று வைத்துக்கொள்வோம். அப்போது எது?

கிழங்கின் நல்ல விஷயம், கண்ணால் பார்க்கலாம், முறித்து மணக்கலாம். உலக சுகாதார நிறுவனத்தின் மூலிகைக் கைநூலில் காய்ந்த வேர்ப்பொடி நாளுக்கு 3 முதல் 6 கிராம் என்று இருக்கிறது. கெட்ட விஷயம் நம் காலநிலை. கார்த்திகை மார்கழி மழையில் சாக்கில் கிடந்த கிழங்குக்குப் பூஞ்சணம் பிடிக்கும், வண்டு துளைக்கும். துளைத்த கிழங்கையும் இடித்துத் தூளாக்கிவிட்டால் யாருக்கும் தெரியாது. அதனால் கடையில் தூளாக வாங்காதீர்கள், முழுக் கிழங்காக வாங்குங்கள். சித்த வைத்தியர்கள் கிழங்கை அப்படியே இடிப்பதில்லை. பால் ஊற்றிய பானையின் வாயைச் சீலையால் கட்டி, தூளை அதன்மேல் வைத்துப் பிட்டு அவிப்பதுபோல் அவித்து, காயவைத்து, திரும்பவும் இடித்துச் சலிப்பார்கள். சுத்தி என்பார்கள் இதை. வீட்டில் இந்தப் பொறுமை எத்தனை பேருக்கு இருக்கிறது?

சூரணத்தைப் பற்றித்தான் எனக்குக் கூடுதலாகச் சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனென்றால் எல்லோரும் இதைத்தான் பாதுகாப்பு என்று நினைக்கிறார்கள். அமுக்கராச் சூரணத்தின் கணக்கு அழகானது. கிராம்பு 1 பங்கு, சிறுநாகப்பூ 2, ஏலம் 4, மிளகு 8, திப்பிலி 16, சுக்கு 32, அமுக்கரா 64, சர்க்கரை 128. ஒவ்வொன்றும் முந்தியதன் இரட்டிப்பு. கூட்டினால் 255 பங்கு. அதில் பாதி சர்க்கரை, கால்வாசிதான் அமுக்கரா. 5 கிராம் சூரணம் எடுத்தால் உள்ளே போவது 1.25 கிராம் அமுக்கராவும் 2.5 கிராம் சர்க்கரையும். காலையும் இரவும் எடுப்பவர் நாளுக்கு ஒரு தேக்கரண்டிச் சர்க்கரை கூடுதலாகச் சாப்பிடுகிறார். சீனி வருத்தக்காரர் ஒருவர், "தேத்தண்ணிக்குக்கூடச் சீனி போடுறதில்லை தம்பி, மூலிகை மட்டும்தான்" என்று சொல்லி இந்தப் போத்தலைக் காட்டியபோது எனக்கு மனது கனத்துப்போனது. அவரைப் பிழை சொல்ல முடியாது. போத்தலில் அளவு எழுதியிருக்கவில்லை.

இன்னொன்று, மிளகும் திப்பிலியும். இரண்டிலும் உள்ள பைப்பரின் என்ற பொருள் சில மருந்துகளை உடம்பு கூடுதலாக உறிஞ்ச வைக்கும். கிளினிக்கில் குளிசை எடுப்பவர்கள் சூரணம் எடுப்பதைக் கட்டாயம் டொக்டரிடம் சொல்ல வேண்டும். இவ்வளவும் சொன்னாலும், நல்ல உடம்புள்ள, வேறு மருந்து எடுக்காத ஒருவருக்குப் பதிவுபெற்ற சித்த வைத்தியர் தன் கையால் தரும் சூரணத்தை நான் குறைசொல்ல மாட்டேன். அமுக்கராவின் அளவு அதில் குறைவு, சேர்மானம் வயிற்றுக்கும் இதம்.

கப்சூல் வேறு விதம். அதில் இருப்பது பெரும்பாலும் வேர்த்தூள் இல்லை, வேரில் இருந்து எடுத்துச் செறிவாக்கிய சாறு. ஆய்வுகளில் அதிகம் பயன்பட்டது 300 மில்லிகிராம், நாளுக்கு இரண்டு தரம். '600 மில்லிகிராம்தானே, கிழங்கில் 3 கிராம் குடிக்கிறோமே' என்று நினைக்கக் கூடாது. அமுக்கராவில் வேலை செய்யும் பொருளுக்கு விதனோலைட் என்று பெயர். சாற்றில் அது 5 வீதம் இருந்தால், 600 மில்லிகிராமில் 30 மில்லிகிராம். சாதாரண வேரில் இது பெரும்பாலும் ஒரு வீதத்துக்கும் குறைவு. சிறிய கப்சூலுக்குள் பெரிய கிழங்கு இருக்கிறது. அளவு தெரிந்து குடிக்கலாம் என்பது கப்சூலின் பலம், கூடிப்போவது எளிது என்பது பயம். மச்சானின் போத்தலைக் கண்ணாடி போட்டுக்கொண்டு வாசித்தேன். வேரா இலையா என்று எழுதவில்லை. விதனோலைட் வீதம் இல்லை. அதோடு வேறு ஐந்து மூலிகை சேர்ந்திருந்தன, அவற்றுக்குத் தனித்தனி அளவும் இல்லை. இப்படியான போத்தலை நான் யாருக்கும் கொடுக்க மாட்டேன். வேர் மட்டும், வீதம், ஒரு கப்சூலின் அளவு, உற்பத்தித் திகதி, தொகுதி இலக்கம், இலங்கையில் பதிவு. இவை எழுதியிருந்தால் பேசலாம்.

பக்கத்தில் இருக்கும் மற்றவற்றையும் கேட்பார்கள். நெருஞ்சில் நம் கடற்கரை மணலில் காலைக் குத்தும் அதே முள்தான். நீர்க்கடுப்புக்கு நம்மவர்கள் காலங்காலமாகக் குடிநீர் வைத்துக் குடித்திருக்கிறார்கள். டெஸ்டோஸ்டெரோனுக்கு என்று வாங்கினால் வீண். 2005இல் இளம் ஆண்களிடம் செய்த ஆய்வில் ஒன்றும் கூடவில்லை. பூனைக்காலி விதையில் லெவோடோபா இருக்கிறது. அது பார்கின்சன் நோய்க்குக் கொடுக்கும் அதே பொருள். மனநோய் மருந்து, பார்கின்சன் மருந்து எடுப்பவர்கள் அந்தப் பக்கமே போகக் கூடாது.

பெயரில்லாத பைக்கற்றுகள் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். 'நூறு வீதம் மூலிகை, ஒரு மணித்தியாலத்தில் பலன்' என்று கைத்தொலைபேசியில் வரும் விளம்பரம், பஸ் நிலையத்தில் கைக்குக் கை மாறும் தங்கநிறச் சரை. வேர் எதுவும் ஒரு மணித்தியாலத்தில் இப்படி வேலை செய்யாது. செய்தால் அதற்குள் சில்டெனாபில் (வயாக்ரா) போன்ற இங்கிலீசு மருந்து ஒளிந்திருக்கிறது என்றுதான் நான் எடுத்துக்கொள்வேன். அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2007 முதல் 2016 வரை மறைமுகமாக மருந்து கலந்த 776 சத்துணவுப் பொருட்களைக் கண்டுபிடித்தது. அதில் பாதிக்குக் கிட்டத்தட்ட ஆண்மைக்கு என்று விற்றவை. நெஞ்சு நோவுக்கு நாக்குக்குக் கீழே குளிசை வைப்பவர் தெரியாமல் இதை விழுங்கினால் பிரஷர் ஒரேயடியாக விழுந்து உயிர் போகலாம். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனாலும், மூலிகைதான் குடித்தார் என்று வீட்டார் சொன்னால் டொக்டருக்கு விளங்காது. அதே சில்டெனாபில் வேண்டுமென்றால் டொக்டர் பரிசோதித்து, அளவு எழுதி, பெயரோடு தருவார். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை, கள்ளமாக வாங்குவதைவிட எவ்வளவோ மேல்.

அமுக்கராவே சும்மா விஷயம் இல்லை என்பதை நான் விளங்கிக்கொண்டது சில வருடம் முன்பு. எங்கள் ஒழுங்கையில் இருக்கும் அண்ணன் ஒருவர், வெளிநாட்டுக் கப்சூல் தொடங்கி ஆறாவது கிழமை கடைக்கு வந்தார். சொறிச்சலுக்குப் பூச ஏதாவது கேட்டார். தோலில் தடிப்பு இல்லை. "சலம் எப்படிப் போகுது?" என்று கேட்டேன். "கடுந்தேத்தண்ணி மாதிரி" என்றார். வெளிச்சத்துக்குக் கூட்டிக்கொண்டுவந்து கண்ணைப் பார்த்தால் மஞ்சள். அன்றே ஆஸ்பத்திரிக்கு அனுப்பினேன். கப்சூலை நிறுத்திய பிறகு சரியாக வர மூன்று மாதம் பிடித்தது. இது அரிதாகத்தான் நடக்கும், ஆனால் நடக்கிறது என்று மருத்துவ இதழ்களில் பதிவாகியிருக்கிறது. பெரும்பாலும் தொடங்கி 2 முதல் 12 வாரத்துக்குள் வருகிறது. டென்மார்க் 2023இல் அமுக்கராவைத் தடைசெய்தது வேறு கவலைகளால்: தைரொயிட், பாலியல் ஹோமோன்கள் பாதிக்கப்படலாம், கரு கலையலாம் என்று. கண் மஞ்சள், கடும் நிறச் சலம், காரணமில்லாத சொறிச்சல், சாப்பாட்டில் வெறுப்பு. இவற்றில் ஒன்று கண்டாலும் அன்றே நிறுத்திவிட்டு ஈரல் டெஸ்ட் செய்யுங்கள், போத்தலையும் கையோடு கொண்டுபோங்கள்.

ஈரல் வருத்தம் முன்பே உள்ளவர்கள், நிதமும் சாராயம் குடிப்பவர்கள் தொடவே வேண்டாம். அமுக்கரா தைரொயிட் சுரப்பைக் கூட்டக்கூடும், ஆகவே தைரொயிட் குளிசை எடுப்பவர்களுக்கு அளவு மீறலாம். சீனிக் குளிசையோடு சேர்ந்தால் சீனி கூடுதலாக இறங்கலாம், பிரஷர் குளிசையோடு பிரஷர். நித்திரைக் குளிசையோடு மயக்கம் கூடும். சிறுநீரகம் மாற்றியவர்கள், புரஸ்டேட் புற்றுநோய் உள்ளவர்கள் எடுக்கக் கூடாது. ஒப்பரேசனுக்கு இரண்டு கிழமை முன்பு நிறுத்த வேண்டும். எடுக்கும் யாரும் மூன்று மாதத்துக்கு மேல் தொடர வேண்டாம். பெரும்பாலான ஆய்வுகள் அதற்குள் முடிந்தவை.

எனவே என் தெரிவு இப்படி. நித்திரைக்கும் பதற்றத்துக்கும் என்றால், பதிவுபெற்ற சித்த அல்லது ஆயுர்வேத வைத்தியர் சுத்தி செய்து தரும், சர்க்கரை சேராத தனி வேர்ப்பொடி. நம் நாட்டில் 1961ஆம் ஆண்டின் 31ஆம் இலக்க ஆயுர்வேதச் சட்டத்தின் கீழ் ஆயுர்வேத, சித்த, யுனானி வைத்தியர்கள் மூவரும் பதிவு செய்யப்படுகிறார்கள். பதிவைக் கேட்டுப் பார்ப்பதில் மரியாதைக் குறைவு எதுவும் இல்லை. பிள்ளைக்காக முயல்பவர் முதலில் விந்துப் பரிசோதனை செய்துவிட்டு டொக்டரோடு பேசி, அளவு எழுதிய வேர்ச்சாற்றுக் கப்சூலுக்குப் போகலாம். அந்த இடத்தில் அளவு தெரிவது முக்கியம். விறைப்புக் குறைவுக்கு மூன்றும் வேண்டாம், கிளினிக்.

மச்சானுக்கு வெறும் வயிற்றுச் சீனி 148 வந்தது. 126க்கு மேல் போனாலே சீனி வருத்தம். தாளை இரண்டு தரம் மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துவிட்டு, "அப்ப இதுதானா காரணம்?" என்றார். இதுவும் காரணமாக இருக்கலாம் என்றேன். கிளினிக்கில் மெட்போமின் என்ற சீனிக் குளிசையைத் தொடங்கினார்கள். இரவில் மூன்று நான்கு தரம் சலத்துக்கு எழும்பியதுதான் நித்திரையைக் கெடுத்தது என்பது மறுகாதான் தெரிந்தது. சீனி இறங்க அதுவும் குறைந்தது. சூரணப் போத்தலை அவரே திருப்பிக் கொடுத்துவிட்டார். கப்சூல் போத்தல் உடைக்காமல் என் அலுமாரியில் கிடக்கிறது. மகனுக்கு நானே போன் எடுத்து, இனி அனுப்புவதென்றால் பிரஷர் பார்க்கும் மெசின் ஒன்று அனுப்பச் சொன்னேன்.

ஆனி மாதம் திரும்பக் கேட்டார். நித்திரை இன்னும் முழுதாகச் சரியில்லை, பால்கூட்டிக் கொஞ்சம் குடித்துப் பார்க்கட்டா என்று. கிளினிக் டொக்டரிடமும் சித்த வைத்தியரிடமும் மருந்துக் கொப்பிகளைக் காட்டினோம். சர்க்கரை சேராத பொடி, இரவில் மட்டும் 3 கிராம், பாலில். முதல் இரண்டு கிழமை வீட்டிலேயே சீனி பார்த்து எழுத வேண்டும், ஆறாவது கிழமை ஈரல் டெஸ்ட். ஆடி 20 அந்த டெஸ்டுக்கு வருகிறார். வெறும் வயிற்றோடு வரச் சொல்லியிருக்கிறேன், சீனியையும் சேர்த்துப் பார்த்துவிடலாம்.